பேரப்பிள்ளையளோட பொம்மை விளையாட்டு: நாங்களும் சேர்ந்து விளையாடுறது எப்பிடி

ரெண்டு வயசிலயிருந்து ஆறு ஏழு வயசு வரைக்கும் உள்ள பேரப்பிள்ளையளைப் பகலில வச்சுப் பாக்கிற அம்மம்மா, அப்பம்மா, தாத்தாமாருக்குத்தான் இதை எழுதுறன். கொழும்பில வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கம் கனக்க வீடுகளில இப்ப இதுதான் நடப்பு, மகளும் மருமகனும் வேலைக்குப் போயிடுவினம், பிள்ளை நேர்சரியால பன்னிரண்டு மணிக்கு வந்திடும், சோறு தீத்தி முடிய ஒரு மணி, அதுக்குப் பிறகு பொழுதுபடும்வரைக்கும் நாங்களும் பிள்ளையும் மூண்டாம் மாடியும்தான். மண் இல்லை, முற்றம் இல்லை, சிரட்டையில சோறு கறி ஆக்க ஒரு வேலியோரம் இல்லை. போனைக் குடுத்தாப் பிள்ளை அசையாது இருக்கும், அது தெரியும். ஆனா உலக சுகாதார நிறுவனமே 2019ல சொல்லிட்டுது, ரெண்டிலயிருந்து நாலு வயசுப் பிள்ளையளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல ஸ்க்ரீன் கூடாது, அதிலயும் குறைஞ்சாத்தான் நல்லம், ஒரு வயசுக் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம் எண்டு. மிச்ச நேரத்துக்கு என்ன செய்யிறது? வீட்டில ஒரு கூடை நிறையப் பஞ்சுப் பொம்மை இருக்கும், ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஆரோ ஒராள் கொண்டுவந்து தந்தது. அது காணும். புதுசா ஒண்டும் வேண்டத் தேவையில்லை.

முதல் விளங்கவேண்டியது ஒண்டு. கதையை நடத்துறது பிள்ளை. நாங்கள் அதுக்குள்ள வேலைக்குச் சேர்ந்த ஆக்கள். இதைப் பிடிச்சிட்டா மிச்சம் எல்லாம் தன்பாட்டில வரும், இதை விட்டா எவ்வளவு பொம்மை இருந்தும் பிள்ளை பத்து நிமிஷத்தில ரிமோட்டைத் தேடும்.

வயசைப் பாத்து எதிர்பாக்கவேணும். ஒண்டரை வயசுப் பிள்ளை வெறும் கப்பைத் தூக்கிக் குடிக்கிற மாதிரிச் செய்து எங்களைப் பாத்துச் சிரிக்கும், அதுதான் அந்த வயசின்ர முழு நாடகமும், நாங்களும் வெறும் கப்பில குடிச்சு "ஆ, சுடுது" எண்டாப் போதும். ரெண்டு வயசில கரடிக்குத் தீத்தும். ரெண்டரை அளவில கரடியே கரண்டியைப் பிடிச்சுச் சாப்பிடத் தொடங்கும், அதாவது பொம்மைக்கும் ஒரு மனசு இருக்கு எண்டு பிள்ளை நினைக்கத் தொடங்கிட்டுது. மூண்டில "நீங்கள் டொக்டர், நான் அம்மா" எண்டு வேடம் பிரிக்கும். நாலு அஞ்சு வயசில நேற்று விட்ட இடத்திலயிருந்து இண்டைக்குத் தொடரும், அந்த நேரம் நாங்கள் மறந்திட்டம் எண்டா நல்லாக் கோபம் வரும். ரெண்டு வயசுப் பிள்ளையிட்ட நாலு வயசுக் கதையைக் கேட்டா அது எழும்பிப் போயிடும், அது பிள்ளையின்ர பிழை இல்லை.

தொடங்கிறதுதான் கனபேருக்குக் கஷ்டம். பொம்மையைக் கையில குடுத்து "விளையாடு செல்லம்" எண்டு சொன்னா ஒண்டும் நடக்காது. பிள்ளை நித்திரையால எழும்ப முதல் கரடியை மேசைக்குக் கீழ படுக்கவச்சு ஒரு துவாயால போர்த்துவிடுங்கோ. பிள்ளை வந்து பாத்து "ஏன் இவர் இஞ்ச படுத்திருக்கிறார்" எண்டு கேக்கும். "மெல்லமாக் கதையுங்கோ, உடம்பு சுகமில்லைப் போல" எண்டு ஒரு வசனம் மட்டும் சொல்லிட்டு வாயை மூடுங்கோ. இதுதான் முக்கியம், வாயை மூடுறது. கதை தொடங்க ஒரு சின்னக் கரைச்சல் வேணும், பசி, காய்ச்சல், வழி தவறிப்போச்சு, மழை வருது, பஸ்ஸை விட்டாச்சு, இப்பிடி ஏதாவது. கரைச்சலை நாங்கள் குடுக்கலாம். தீர்வைக் குடுக்கக் கூடாது.

போன கிழமை என்ர பேத்தி, நாலு வயசு, யானையைத் தூக்கிக்கொண்டு வந்தா.

"அம்மம்மா, குண்டனுக்கு வயித்துக்க குத்துதாம்."

"ஐயோ, என்னத்தைச் சாப்பிட்டவர்?"

"ரிமோட்டை."

இந்த இடத்தில எங்கட நாக்கு நுனியில என்ன வரும்? "யானை ரிமோட் சாப்பிடாது குஞ்சு, யானை புல்லும் இலையும்தான் சாப்பிடும்." அப்பிடிச் சொன்னாக் கதை அந்த இடத்திலயே முடிஞ்சிடும். நான் "அப்ப உள்ளுக்க இப்ப எந்தச் சனல் ஓடுது?" எண்டு கேட்டன். அவ யானையின்ர வயித்தில காதை வச்சு, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் கேட்டிட்டு, "நியூஸ்" எண்டா. பிறகு வோலியூம் குறைக்க வழி இல்லாமக் குண்டன் இரவிரவா நித்திரை கொள்ளேல்லை, முயல் டொக்டர் வந்து ஒப்பரேசன் செய்தார், எடுத்த ரிமோட்டைக் கழுவிக் காயவச்சவை. ஒரு மணித்தியாலம் போச்சு. நான் மொத்தமா ஏழெட்டு வசனம்தான் கதைச்சிருப்பன்.

கேக்கிறதுக்கு மூண்டு கேள்வி கைவசம் இருந்தாக் காணும். "இப்ப என்ன நடந்தது?" "இவருக்கு என்ன வேணுமாம்?" "நான் இப்ப ஆர்?" இந்த மூண்டையும் மாத்தி மாத்திக் கேட்டுக்கொண்டு எவ்வளவு தூரமும் போகலாம். கேக்கக் கூடாத கேள்வியும் இருக்கு, "இது என்ன கலர்", "எத்தினை முயல் இருக்கு எண்ணிச் சொல்லுங்கோ பாப்பம்". அது விளையாட்டை வகுப்பாக்கிப்போடும், பிள்ளையளுக்கு உடன மணக்கும். எண்ணிக்கை தானா வரும், யானை பஸ்ஸில ரெண்டு சீட் பிடிச்சா ரெண்டு டிக்கெட்டோ ஒரு டிக்கெட்டோ எண்டு பிள்ளையே யோசிக்கும். அதோட போனை எடுத்து வீடியோ பிடிக்காதேங்கோ. கமெராவைக் கண்டவுடன பிள்ளை நடிக்கத் தொடங்கிடும், கதை போயிடும்.

குரல் மாத்திக் கதைக்க வராது எண்டு வெக்கப்படுற தாத்தாமார் இருக்கினம். மிமிக்ரி தேவையில்லை. யானைக்கு மெதுவா, தாழ்வா. அணிலுக்கு விறுவிறு எண்டு. ஆமைக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில மூச்சு. அவ்வளவும் போதும், ஆனா ஒருக்கா வச்ச குரலை மாத்தாதேங்கோ, பிள்ளையள் நாள்கணக்கா ஞாபகம் வச்சிருக்கும், "குண்டன் அப்பிடிக் கதைக்கிறேல்லை" எண்டு திருத்தும். ஒரு அப்பியாசக் கொப்பியில ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, பேர், என்ன பிடிக்கும், என்னத்துக்குப் பயம், ஆரோட கோபம் எண்டு பிள்ளை சொல்லச் சொல்ல எழுதிவைக்கலாம். எனக்கு இது பெரிய உதவி. பிள்ளைக்கும் தான் சொன்னதை ஒராள் எழுதிவைக்கினம் எண்டது பெரிய மரியாதை.

தமிழ் பற்றி ஒண்டு சொல்லவேணும், எனக்கு இதில கவலை கனக்க. இஞ்ச கொழும்பில பிள்ளையள் நேர்சரியில இங்கிலிஷ், லிஃப்டில இங்கிலிஷ், கடையில சிங்களம், வீட்டில அம்மா அப்பாவோடயும் பாதி இங்கிலிஷ். ரெண்டு மொழியும் மூண்டு மொழியும் வரட்டும், நல்லது. தமிழ் எங்க வரும்? "தமிழில சொல்லு" எண்டு அதட்டினாப் பிள்ளை பேசாம இருக்கும். அதுக்கு ஒரு வழி, கூடையில ஒரு பொம்மைக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் எண்டு வையுங்கோ. எங்கட வீட்டில அது குண்டன். அவர் வன்னிக் காட்டிலயிருந்து வந்தவர், இங்கிலிஷ் சொன்னா அவருக்கு விளங்காது, முழிச்சுக்கொண்டு இருப்பார். முயலுக்கு இங்கிலிஷ் தெரியும், ஆனா முயல் சொல்லுறதைப் பிள்ளைதான் குண்டனுக்குச் சொல்லிக்குடுக்கவேணும். பிள்ளை சொல் தெரியாம நிண்டா என்னட்டத் திரும்பிக் கேக்கும், நான் மெல்லமாக் காதில சொல்லுவன், பிள்ளை அதை யானைக்குப் பெரிசாச் சொல்லும். மூக்குச்சளி, தடுமன், கெதியா, நாரி நோ, அடுக்கு, பிரி, உலர்த்து எல்லாம் இப்பிடித்தான் எங்கட வீட்டுக்க வந்தது.

உடம்பு ஏலாத ஆக்களுக்கு. முழங்கால் நோவோட நிலத்தில இருந்து எழும்புறது லேசில்லை, நிலத்தில இருக்கத்தான் வேணும் எண்டும் இல்லை. படுத்துக்கொண்டு செய்யிற வேடங்களைக் கேட்டு எடுங்கோ: நோயாளி, நித்திரை கொள்ளுற ராட்சசன், கரையொதுங்கின திமிங்கிலம், மலை. மலை நல்ல வேடம், பொம்மையள் எல்லாம் உங்கட மேல ஏறி உச்சியில கொடி நடும், நீங்கள் இடைக்கிட மூச்சு விட்டா நிலநடுக்கம். கதிரையில இருந்து செய்ய டிக்கெட் கவுண்டர், பலசரக்குக்கடை முதலாளி, நீதவான், பஸ்ஸில ஜன்னல் சீட் பிடிச்ச ஆச்சி எல்லாம் இருக்கு. பகல் மூண்டு மணிக்கு எனக்குக் கண்ணைச் சுத்தும், அந்த நேரம் நான் நோயாளிதான், இருபது நிமிஷம் பிள்ளை எனக்கு நாடி பிடிச்சு ஊசி போட்டுக் கஞ்சி தருவா.

இனி எங்கட வீட்டில நல்லா ஓடுற விளையாட்டுகளில ஒண்டை விரிவாச் சொல்லுறன், பஸ். காலி வீதியில இருக்கிற பிள்ளையளுக்கு 100ம் இலக்கப் பாணந்துறை பஸ்ஸும் 101 மொரட்டுவ பஸ்ஸும் அத்துப்படி, யன்னலால பாத்துப் பாத்து எல்லாம் தெரியும். கதிரையளை ரெண்டு ரெண்டா அடுக்குங்கோ, கதிரை காணாட்டி தலகணி. முன்னுக்கு ஒரு எவர்சில்வர் கோப்பை, அதுதான் ஸ்டீரிங். பழைய கலண்டர் தாளைக் கிழிச்சு டிக்கெட், அதை நீட்டுக்கு மடிச்சு விரலுக்கு நடுவில சொருகினாக் கொண்டக்டர். இந்த மடிக்கிறது முக்கியம், எங்கட பேத்திக்கு மடிச்ச தாள் விரலுக்க நிண்டவுடன ஆளே மாறிடும், இடுப்பை ஒரு பக்கம் சாய்ச்சு, கதவடியில ஒரு கால் வச்சு, "பம்பலப்பிட்டிய, கொள்ளுப்பிட்டிய, கொட்டுவ, பிட்டகொட்டுவ" எண்டு சிங்களத்தில ஒரே மூச்சில கத்தும், பிறகு "இஸ்ஸரஹாட்ட யன்ன" எண்டு எல்லாரையும் முன்னுக்குத் தள்ளும். ஏறுற ஒவ்வொரு பொம்மைக்கும் எங்க போகவேணும், என்ன சாமான் கையில, காசு எவ்வளவு எண்டு கேளுங்கோ. பிறகு ஒரு கரைச்சலைப் போடுங்கோ. முயலுக்கு வயித்தில பிள்ளை, ஆர் எழும்பி இடம் குடுக்கப்போகினம்? குரங்கிட்ட ஆயிரம் ரூபாத் தாள்தான் இருக்கு, மிச்சக்காசு இல்லை. பூனைக்குட்டி இறங்கவேண்டிய இடத்தில நித்திரை. எப்பவும் ஓடித் திரியிற பிள்ளை கூட, பஸ் ஹோல்டில நிக்கிற கரடிக்குக் காவல் எண்டு சொன்னா ஆடாம அசையாம அஞ்சு நிமிஷம் நிக்கும், வேற எந்த விதமாச் சொல்லியும் அது நடக்காது. ரஷ்யாவில லெவ் வைகொட்ஸ்கி எண்ட உளவியலாளர் 1930களிலயே இதைச் சொல்லியிருக்கிறார், விளையாட்டுக்குள்ள பிள்ளை தன்ர வயசை விட ஒரு படி மேல நிக்கும் எண்டு. தடியைக் குதிரை ஆக்கிற பிள்ளைதான் பிறகு எழுத்தையும் இலக்கத்தையும் இன்னொண்டுக்குப் பதிலா வச்சு விளங்கப்போகுது, ஒண்டைப் பாத்து வேறொண்டை மனசில வைக்கிற பழக்கம் அங்கதான் தொடங்குது. அதால எவர்சில்வர் கோப்பை ஸ்டீரிங்காவே இருக்கட்டும், கடையில விக்கிற பிளாஸ்ரிக் ஸ்டீரிங் வேண்டாம். பொருள் எவ்வளவுக்கு வெறுமையா இருக்குதோ அவ்வளவுக்குப் பிள்ளை யோசிக்கும். மட்டைப்பெட்டி, சாரம், சால்வை, உடுப்புக் கிளிப், தேங்காய்ச் சிரட்டை, சுளகு, கழுவின யோகட் கப். இதுக்கு மேல என்ன வேணும்.

பின்னேரம் பாட்டுப் போட்டுப் பாண் விக்கிற சூன் பாண் ஓட்டோ வந்திட்டா விளையாட்டை நிப்பாட்டாதேங்கோ, அதையும் உள்ளுக்க எடுங்கோ. பீத்தோவன் 1810ல எழுதின மெட்டு எங்கட ஒழுங்கையில பாண் விக்குது, அந்தச் சத்தம் கேட்டவுடன பஸ்ஸை நிப்பாட்டி எல்லாரும் இறங்கி மாலு பணிஸ் வேண்டிக்கொண்டு ஏறட்டும்.

உண்மையான விலங்குகளைப் பற்றின அறிவைக் கதைக்குள்ள சேக்கலாம், ஆனா ஒரு நேரம் ஒண்டு, அதுவும் கதைக்குத் தேவைப்படேக்க மட்டும். கடையில வாற டெடி எல்லாம் வெளிநாட்டுக் கரடி, அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 1902ல வேட்டையில கட்டிவச்ச கரடியைச் சுடமாட்டன் எண்ட கதையிலயிருந்து வந்த பேர்தான் டெடி. எங்கட வில்பத்து, யால காட்டுக் கரடி வேற மாதிரி. கறுப்பு, நெஞ்சில வெள்ளை வளைவு, கறையான் புத்தை உடைச்சு உறிஞ்சும், பாலைப்பழம் பழுத்தா மரத்தில ஏறி இருந்து சாப்பிடும். குட்டியைத் தாய்க்கரடி முதுகில ஏத்திக்கொண்டு திரியும். இதை நான் பேத்திக்குச் சொன்ன நாளிலயிருந்து அவவின்ர முதுகில சால்வையால கட்டின ஒரு கரடிக்குட்டி இருக்கு, குளிக்கப் போகேக்க மட்டும் இறங்கும்.

யானை இன்னும் நல்லம். யானைக்குட்டி தாயின்ர வயித்துக்க 22 மாசம் அளவில இருக்கும், பிறக்கேக்கயே நூறு கிலோ அளவு, ஆனா தும்பிக்கையை எப்பிடிப் பாவிக்கிறது எண்டு குட்டிக்குத் தெரியாது, தடுமாறும், தன்ர தும்பிக்கையைத் தானே மிதிக்கும், பழகப் பழகத்தான் வரும். கரண்டி பிடிக்கப் பழகிற பிள்ளைக்கு இதைச் சொல்லிப் பாருங்கோ, முகம் எப்பிடி மாறுது எண்டு. உடவளவையில 1995ல தொடங்கின யானைக்குட்டிப் பராமரிப்பு நிலையம் இருக்கு, தாயை இழந்த குட்டியளுக்குப் பால் குடுத்து வளத்து, பெரிசானாப் பிறகு காட்டில விடுவினம். அதை வச்சு நாள்கணக்கா விளையாடலாம், போத்தில் கழுவுறது, நேரத்துக்குப் பால், மற்றக் குட்டியளோட பழக்கிறது, கடைசியில பல்கனிப் பூச்சாடிக் காட்டில கொண்டுபோய் விடுறது. விடேக்க எங்கட வீட்டில அழுகை வந்தது. அழட்டும், கண்ணைத் துடைச்சிட்டு நாளைக்குக் காட்டில போய்ப் பாத்திட்டு வருவம் எண்டு சொன்னாப் போதும். சிங்கம் வேணும் எண்டு கேட்டா, சிங்கம் எங்கட கொடியில இருக்கு, காட்டில இருக்கிறது சிறுத்தை எண்டு சொல்லிட்டு சிங்கத்தையும் விளையாட விடுங்கோ.

டொக்டர் விளையாட்டு எல்லா வீட்டிலயும் நடக்கும். தடுப்பூசிக்கு, பல்லுக்கு, பொரளைச் சின்னப்பிள்ளையள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக இருந்தா முதல் ரெண்டு மூண்டு நாளும் பொம்மை போய் வரட்டும். கனக்க நாடுகளில மருத்துவ மாணவர்களே டெடி ஆஸ்பத்திரி எண்டு நடத்தினம், பிள்ளை தன்ர பொம்மையைக் கொண்டுவந்து காட்டிப் பயம் தெளியும் எண்டுதான். வீட்டில செய்யேக்க ஒரு பொய்யும் சொல்லாதேங்கோ. "நோகாது" எண்டு முயலுக்குச் சொல்லிட்டு நாளைக்குப் பிள்ளைக்கு நொந்தா, பிறகு முயல் சொன்ன ஒண்டையும் பிள்ளை நம்பாது. "கொஞ்சம் நோகும், அம்மம்மாவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு பத்து வரைக்கும் எண்ணினா முடிஞ்சிடும்" எண்டு முயலுக்குச் சொல்லுங்கோ. ஊசி போடுறது பிள்ளையா இருக்கட்டும், போடுற ஆளுக்குப் பயம் குறையும்.

சிலவேளை பொம்மைக்கு வாற கரைச்சல் பிள்ளையின்ர கரைச்சல். வீட்டில புதுக் குழந்தை வந்திருக்கும், அப்பா கட்டாருக்குப் போயிருப்பார், வீடு மாறப்போகினம், நேர்சரியில ஆரோ தள்ளிவிட்டிருக்கும். பிள்ளை வாயால சொல்லாது, குரங்கு சொல்லும். "குரங்குக்குத் தம்பியைப் பிடிக்கேல்லை, குப்பையில போடப்போகுதாம்." இதைக் கேட்டுத் திடுக்கிட்டு "அப்பிடிச் சொல்லக் கூடாது, தம்பி பாவம்" எண்டு பிள்ளையைப் பாத்துச் சொல்லாதேங்கோ. குரங்கோட கதையுங்கோ. "குரங்கார், உங்கட அம்மாவின்ர மடியில இப்ப எப்பவும் தம்பிதானே, கோபம் வரும்தான். இஞ்ச என்ர மடியில கொஞ்ச நேரம் இருங்கோவன்." குரங்கு மடியில ஏறும், கொஞ்சத்தில பிள்ளையும் ஏறும். பொம்மை செத்துப்போறது, அடிபடுறது, பேய் பிடிக்கிறது எல்லாம் விளையாட்டில வரும், பயப்படத் தேவையில்லை, பிள்ளையள் விளங்காததை இப்பிடித்தான் திருப்பித் திருப்பிப் பாக்கினம். ஆனா ஒரே பயங்கரத்தையே நாள்கணக்கா, சிரிப்பே இல்லாம, ஆரையும் சேக்காம விளையாடினா, நித்திரையும் சாப்பாடும் குழம்பினா, மகளோட இருந்து கதையுங்கோ, பிள்ளையளுக்கான டொக்டரிட்டக் காட்டுங்கோ. பொம்மையை வச்சுப் பிள்ளையிட்டப் புலன்விசாரணை மட்டும் செய்யாதேங்கோ.

ரெண்டு பேரப்பிள்ளையள் இருந்தாச் சண்டை வரும். ஒரே கரடிக்கு ரெண்டு அம்மா இருக்கலாம் எண்டு சொல்லிப் பாருங்கோ, அதுக்கும் சரிவராட்டி ஒராள் டிரைவர் ஒராள் கொண்டக்டர்.

கனடா, லண்டன், அவுஸ்திரேலியாவில பேரப்பிள்ளையள் உள்ள ஆக்களுக்கும் இது ஏலும். வீடியோ கோலில "சாப்பிட்டீங்களோ, ஸ்கூல் எப்பிடி" எண்டு கேட்டா ரெண்டு நிமிஷத்தில பிள்ளை ஓடிடும். நீங்கள் ஒரு பொம்மையைத் தூக்கிக் கமெராவுக்குக் காட்டி, "இவர் இண்டைக்குக் காலிமுகத்திடலுக்குப் போய் இஸ்ஸோ வடை சாப்பிட்டு வயித்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார், உங்கட கரடிக்கு மருந்து தெரியுமோ கேளுங்கோ" எண்டு தொடங்குங்கோ. பிள்ளை ஓடிப்போய்த் தன்ர கரடியைக் கொண்டுவரும். பத்து நிமிஷம் காணும், கதையை ஒரு இடத்தில தொங்கவிட்டு அடுத்த முறைக்கு வையுங்கோ. ரொறொன்ரோவோட நேர வித்தியாசம் அவையின்ர கோடையில ஒன்பதரை மணித்தியாலம், மாரியில பத்தரை, லண்டனோட நாலரை, அஞ்சரை. அதால எங்கட பின்னேரம் ஆறரை ஏழு மணி, அங்க சனி ஞாயிறு விடிய பிள்ளை சாப்பிட்டு முடிஞ்ச நேரம். லண்டன்காரருக்கு எங்கட இரவு எட்டு மணி சரியா வரும், அங்க அப்ப பின்னேரம் மூண்டு மணி அளவு.

முடிக்கிறதையும் கதைக்குள்ளயே முடிக்கவேணும். "காணும், எல்லாத்தையும் எடுத்து வை" எண்டாச் சண்டை. பஸ் பிட்டகொட்டுவவுக்கு வந்திட்டுது, இதுதான் கடைசி ஹோல்ட், எல்லாரும் இறங்கி வீட்டுக்குப் போங்கோ எண்டு கொண்டக்டர் சொன்னா ஒவ்வொரு பொம்மையும் கூடைக்கு நடந்து போகும். முடிய அஞ்சு நிமிஷம் முதல் "அடுத்தது கோட்டை, அதுக்குப் பிறகு கடைசி" எண்டு ஒருக்கா அறிவிச்சு வையுங்கோ.

பாதுகாப்பு. ஒரு வயசுக்குக் குறைஞ்ச குழந்தை நித்திரை கொள்ளுற இடத்தில பஞ்சுப் பொம்மை ஒண்டும் வைக்கக் கூடாது, மூச்சடைக்கும். மூண்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்கு பட்டன் கண், பிளாஸ்ரிக் மூக்கு, கழுத்தில நீள ரிபன் உள்ளது வேண்டாம், கண்ணைப் பிடுங்கிட்டு நூலால தைச்சுவிடுங்கோ. பாட்டுப் பாடுற, லைட் எரியிற பொம்மையளுக்க சில்லறைக்காசு மாதிரிச் சின்ன பட்டறி இருக்கும், மூடி ஸ்குரூ போட்டு இறுக்கியிருக்கோ எண்டு பாருங்கோ. அதைப் பிள்ளை விழுங்கினா ரெண்டு மணித்தியாலத்துக்குள்ளயே தொண்டைக்குழாயை அரிக்கத் தொடங்கும், சந்தேகம் எண்டாலும் வீட்டில வச்சுப் பாக்காம உடன ஆஸ்பத்திரி.

எங்கட கடற்கரைக் காத்தில, மழைக்காலத்து ஈரத்தில பொம்மையளில பூஞ்சணம் பிடிக்கும், தூசிப்பூச்சியும் சேரும், இழுப்பு உள்ள பிள்ளையளுக்கு அது கூடாது. பொலித்தீன் பையில கட்டி ஃபிரீசருக்க ஒரு முழு நாள் வச்சாத் தூசிப்பூச்சி சாகும், ஆனா பிறகு கட்டாயம் கழுவவேணும், செத்த பூச்சியும் ஒத்துக்கொள்ளாது. தலகணி உறைக்குள்ள போட்டு வாயைக் கட்டி மெஷினில மெதுவாச் சுத்தவிடலாம். பிள்ளை கட்டிப்பிடிச்சு நித்திரை கொள்ளுற அந்த ஒண்டைக் கேக்காமக் கழுவாதேங்கோ. அந்த மணம்தான் பிள்ளைக்கு ஆறுதல். முதல்நாளே "நாளைக்குக் குண்டனுக்கு முழுக்கு" எண்டு சொல்லி, சவுக்காரம் போடுறதைப் பிள்ளையையே செய்யவிட்டு, இரவுக்கு முதல் காயிற மாதிரி விடியவெள்ளனத் தொடங்குங்கோ. காதில கிளிப் போட்டுக் கொடியில தொங்கவிட்டா எங்கட பேத்திக்குத் தாங்காது, அதால சுளகில கிடத்தி பல்கனி வெயிலில வைப்பம், மத்தியானம் ஒருக்காத் திருப்பிப் போடுறது அவவின்ர வேலை.

ஆறு ஏழு வயசில பிள்ளை மெல்ல மெல்ல விலகும், பொம்மை கூடையிலயே கிடக்கும். அவசரப்பட்டு அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் குடுத்திடாதேங்கோ, பிள்ளையிட்டக் கேளுங்கோ, எது போகலாம் எது நிக்கவேணும் எண்டு அதுவே பிரிக்கும். நிக்கிறதை நல்லாக் காயவச்சு, துணிப்பையில போட்டு அலுமாரியின்ர மேல்தட்டில வையுங்கோ. பூச்சி உருண்டை போடவேண்டாம், ஜீ சிக்ஸ் பீ டீ (G6PD) எண்ட நொதி பிறப்பிலயே குறைவா உள்ள பிள்ளையளுக்கு அதின்ர புகையே ரத்தத்தின்ர சிவப்பணுக்களை உடைக்கும், அடுத்த பேரப்பிள்ளை அந்தப் பொம்மையை வாயில வைக்கும். காய்ஞ்ச வேப்பிலையை ஒரு சின்னத் துணியில முடிஞ்சு பைக்குள்ள போடுங்கோ, மழைக்காலம் முடிய ஒருக்கா வெளிய எடுத்து வெயில் காட்டிட்டு வேப்பிலையையும் புதுசா மாத்துங்கோ.